தலை சாய்ந்த எட்டு

பொதுப்பணித் துறையின் பதிவேட்டில் அவருடைய பதவி 'எழுத்தோவியர், இரண்டாம் நிலை'. ஆனால் வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளி முதல் மாடியில் இருக்கும் கண்காணிப்பாளர் வரை எல்லோருக்கும் அவர் 'ரப்பர்'. எழுதுவதற்காக வேலைக்கு எடுத்த ஆள் பணிக்காலம் முழுக்க அழித்துக்கொண்டே இருந்தால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு முகத்துக்கு நேரே சொன்னார்கள். கடைசியில் அவரே தொலைபேசியை எடுத்து, "ஆமா, ரப்பர்தான் பேசுறேன்" என்று சொல்லும் அளவுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அவருடைய நாடு சின்ன நாடு. ஒரே ஒரு ஆறு. ஆறு பிறக்கிற பக்கம் ஒரு பெரிய நாடு, ஆறு கடலில் கலக்கிற பக்கம் இன்னொரு பெரிய நாடு. டீக்கடையில் அந்த நாடுகளின் பெயரை வாய்விட்டுச் சொன்னால் அது யார் காதில் போய் விழும் என்று சொல்ல முடியாது. அதனால் ஜனங்கள் ஒன்றை 'மேல்வீடு' என்றும் மற்றதை 'கீழ்வீடு' என்றும் சொல்லிப் பழகிவிட்டார்கள். மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் ஆகாது. இரண்டு பேரும் நேருக்கு நேர் அடித்துக்கொள்வதும் இல்லை. நடுவில் இருக்கும் இந்த வாடகை வீட்டுக்காரர்களுக்கு யார் அதிகம் கொடுப்பது என்பதில்தான் போட்டி. மேல்வீடு ஒரு ஆஸ்பத்திரி கட்டிக்கொடுத்தால் கீழ்வீடு அதற்கு எதிரிலேயே ஒரு ஸ்டேடியம் கட்டிக்கொடுக்கும். விளையாட ஆள் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

இப்படிக் கொடுக்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு பலகை உண்டு. ஒப்பந்தத்திலேயே அது இருக்கும். ஒரே தகரத்தில், மேலே கொடுத்தவரின் சின்னம், அதன் கீழே இன்ன நாட்டு மக்களின் அன்பளிப்பு என்ற வரி, அதற்கும் கீழே அந்தப் பொருளைப் பற்றிய விவரம். தொட்டியென்றால் கொள்ளளவு, பாலமென்றால் தாங்கும் எடை. பின்னணி நிறம் மேல்வீட்டுக்கு நீலம், கீழ்வீட்டுக்குப் பச்சை. கொடுத்தவரைக் கேட்காமல் ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது. தனியாக இன்னொரு பலகையும் வைக்கக் கூடாது, வைத்தால் அவர்கள் பலகையின் மரியாதை குறைந்துவிடுமாம். ஆட்சி மாறும்போதெல்லாம், எந்த வீட்டோடு ஒட்டு, எந்த வீட்டோடு வெட்டு என்று ஒரு சுற்றறிக்கை வரும். ரப்பர் வெள்ளை டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். கடைவீதித் தண்ணீர்த் தொட்டியின் மேல் மட்டும் அவர் நாலு தடவை ஏறியிருக்கிறார். அந்தத் தொட்டிக்குள் போன தண்ணீரைவிட வெளியே பூசின பெயிண்ட்தான் அதிகம் என்பார்.

எழுதக் கிடைத்த கொஞ்ச நஞ்ச நாட்களில் அவர் நன்றாக எழுதினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எண்களில் அவருக்கு எட்டு பிடிக்கும். எல்லோரும் மேலிருந்து தொடங்குவார்கள், அவர் கீழிருந்து தொடங்குவார். தூரிகையை எடுக்காமல் ஒரே இழுப்பு. மேல் வட்டமும் கீழ் வட்டமும் ஒன்றின் மேல் ஒன்று நூல் பிடித்ததுபோல் நிற்கும். துறையில் எல்லோரும் எட்டைப் பார்த்தே இது ரப்பர் எழுதியது என்று சொல்லிவிடுவார்கள்.

அந்த எட்டை ரசித்த ஆள் ஒருவர் குடும்பத்திலேயே இருந்தார். தங்கையின் கணவர். லாரி ஓட்டுநர். வாய் ஓயாத மனிதர், வண்டி ஓட்டும்போது வழியில் இருக்கும் பலகைகளை எல்லாம் உரக்கப் படித்துக்கொண்டே போவார். "மச்சான், ஊரெல்லாம் உங்க கையெழுத்துதான். நீங்க மெதுவாப் போன்னு எழுதினா நான் மெதுவாப் போவேன். நில்லுன்னு எழுதினா நின்னுடுவேன். எம் பொண்டாட்டி சொல்றதைக்கூட அப்படிக் கேட்டதில்ல" என்று சொல்லிச் சிரிப்பார். தங்கை அவர் தோளில் ஒரு குத்து விடுவாள். பதினாறு வருஷம் ஓட்டியும் அவர் மேல் ஒரு வழக்குக் கிடையாது.

பழைய பாலத்தைப் பற்றி இனிமேல்தான் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்தால் நன்றாக இருக்கும்.

ஊருக்கு வெளியே ஆற்றின் குறுக்கே மேல்வீடு கட்டிக்கொடுத்த பாலம் அது. நீலப் பலகையில் கடைசி வரி: 'எட்டு டன்னுக்கு மேல் ஏறக் கூடாது'. எட்டு என்பது மட்டும் எண்ணில், ஒரு முழ உயரத்தில் இருந்தது. அந்த வருஷம் ஆட்சி மாறியது. கீழ்வீட்டு மந்திரி துறைமுக வேலையைத் தொடங்கி வைக்க வருகிறார், அந்தப் பாலத்தின் வழியாகத்தான் போவார் என்று செய்தி வந்தது. மூன்று நாளில் வழி நெடுக நீலம் கண்ணில் படக் கூடாது என்று உத்தரவு.

ரப்பர் ஏணியைச் சாய்த்துவிட்டு, கூட வந்த துறை எஞ்சினியரைப் பார்த்தார்.

"சார், சின்னத்தையும் பேரையும் அடிச்சிடறேன். கீழே இருக்கற டன் கணக்கை விட்டுடலாமா?"

"மொத்தப் பலகையும் நீலம்யா. பாதி நீலத்தை வச்சிக்கிட்டு மந்திரிக்கு வேடிக்கை காட்டறதா? முழுசா அடி."

"அப்போ எட்டை வேற எங்கேயாவது தனியா எழுதட்டுமா?"

"தனியா எழுதக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா? இந்தப் பாலத்தைப் பழுது பார்க்கற வேலையைக் கீழ்வீடு எடுத்துக்குது. அவங்க பலகை வரும், அதுல எல்லாம் இருக்கும். கொஞ்ச நாள்."

அந்தக் கொஞ்ச நாள்தான் இந்தக் கதை. கீழ்வீட்டுத் தூதரகத்திலிருந்து பலகையின் மாதிரி வர வேண்டும். பச்சை எந்தப் பச்சை என்பதில் அவர்களுக்குள்ளேயே கடிதப் போக்குவரத்து. ரப்பர் முதல் வாரம் போய்க் கேட்டார். மூன்றாவது வாரம் போய்க் கேட்டார். "உனக்கு என்னய்யா அவ்வளவு அவசரம், பாலம் உங்க அப்பன் வீட்டுதா?" என்று எஞ்சினியர் கேட்டதோடு மூன்றாவது தடவை போகவில்லை. போயிருக்கலாம். பிற்பாடு அவர் தன்னையே கேட்டுக்கொண்ட கேள்விகளில் இதுதான் ரொம்பச் சின்னது. ஆனால் பல்லில் சிக்கிய நார் மாதிரி, இதுதான் கடைசிவரை வெளியே வரவே இல்லை.

ஆறாவது வாரம் ஒரு நாள் காலை ஆறரை மணிக்கு ஜீப் வந்தது. பல் துலக்கிக்கொண்டிருந்தவரை அப்படியே ஏற்றினார்கள். நீல டப்பா, வெள்ளை டப்பா, மேல்வீட்டுச் சின்னத்தின் அச்சுத்தாள், எல்லாம் ஏற்கெனவே வண்டியில் இருந்தன. எஞ்சினியர் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

பாலத்தின் நடுப்பகுதி இல்லை. ஒரு லாரி தலைகுப்புற ஆற்றில் கிடந்தது, பின் கதவில் கீழ்வீட்டுத் துறைமுகக் கம்பெனியின் சின்னம். இரும்புக் குழாய்கள் தண்ணீரில் சிதறியிருந்தன. ஓட்டுநரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். காலை ஷிப்டுக்கு நடந்துபோன தையல் ஆலைப் பெண்கள் மூன்று பேரை இன்னும் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"பதினோரு மணிக்கு விசாரணைக் குழு வருது," என்றார் எஞ்சினியர். அவருடைய உதடு காய்ந்திருந்தது. "பலகை எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும். ஒரு புள்ளி மாறக் கூடாது."

"சார்..."

"நீதானே அழிச்ச? உன் கைதானே? அப்போ எழுதறதும் உன் கைதான். இல்லேன்னா நாம ரெண்டு பேரும் உள்ளே போவோம், நீ முதல்ல போவ."

ரப்பர் ஏணியைப் போட்டார். பலகைக் கம்பத்தின் அடியில் ஒரு எவர்சில்வர் சாப்பாட்டு டப்பா கிடந்தது. மூன்று பெண்களில் யாருடையதோ. ஏணிக்கால் நிற்க அது இடைஞ்சலாக இருந்தது. அவர் செருப்பைக் கழற்றிய காலால் அதை ஒதுக்கித் தள்ளினார். டப்பா இன்னும் சூடாக இருந்தது.

அந்தச் சூடு பாதத்தில் இருக்கும்போதே அவர் நீலம் பூசினார். சின்னம் வைத்தார். வரிகளை எழுதினார். கடைசியில் எட்டு. வழக்கம்போல் கீழிருந்து தொடங்கினார். கீழ் வட்டம் சரியாக வந்தது. மேலே ஏறும்போது கை ஆடியது. மேல் வட்டம் இடது பக்கமாகச் சாய்ந்துவிட்டது, கழுத்து சுளுக்கிய ஆள் நிற்பதுபோல. திருத்த நேரமில்லை, வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கீழே இறங்கிப் பார்த்தார். பலகை புத்தம் புதிதாகப் பளபளத்தது. பார்த்த மாத்திரத்தில் பொய் என்று தெரிந்தது. யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. அவராகவே சாலையோரத்துப் புழுதியை ஒரு பிடி அள்ளி, துணியில் தோய்த்து, காய்ந்த இடமாகப் பார்த்து மேலே தேய்த்தார். ஓரங்களில் கொஞ்சம் சுரண்டியும் விட்டார். பன்னிரண்டு வருஷம் மழையிலும் வெயிலிலும் நின்ற பலகை ஆகிவிட்டது அது. எஞ்சினியர் தோளைத் தட்டினார். அந்த நேரத்தில் அந்தத் தட்டு அவருக்குப் பிடித்திருந்தது. இந்த மனிதரை மன்னிக்கவே முடியாது என்று எனக்குத் தோன்றுவது இந்த இடத்தில்தான்.

பத்து மணிக்கு வீட்டுக்குத் திரும்பினார். கூடத்தில் தங்கை உட்கார்ந்திருந்தாள், தலை வாராமல், இடது காலில் ஒரு செருப்பும் வலது காலில் வேறொரு செருப்புமாக. அவருடைய மனைவி பக்கத்தில் நின்று தண்ணீர் டம்ளரை நீட்டிக்கொண்டே இருந்தாள்.

"அண்ணே, பாலம் விழுந்துடுச்சாம்ணே. அவருதான் வண்டில இருந்தாராம். நேத்துதான் அந்தக் கம்பெனிக்கு மாத்தினாங்க, முதல் லோடுண்ணே, அந்த வழியா அவரு இதுக்கு முன்னால போனதே இல்ல. நெனவு வந்துடுச்சாம், ஆனா பக்கத்துல போலீசு நிக்குதாம். எட்டு டன்னுன்னு போர்டு போட்டிருக்கு, நீ இருபது டன்னை ஏத்திட்டுப் போயிருக்கேன்னு திட்டறாங்களாம். அவரு அப்படிப் போற ஆளாண்ணே?"

சொல்லிக்கொண்டே அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். நகக்கண்களில் நீலம் ஈரமாக இருந்தது. அவள் பார்க்கவில்லை. அவருடைய மனைவி பார்த்தாள். அவள் அப்போதும் கேட்கவில்லை, அப்புறமும் கேட்கவில்லை.

மறு வாரம் பத்திரிகைகளில் பெரிய சண்டை. பாலம் மட்டமான சரக்கு என்றது கீழ்வீடு. அதிக எடை ஏற்றிய கம்பெனிதான் கொலைகாரன் என்றது மேல்வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் அரசாங்கம் ஒரு வழி கண்டுபிடித்தது. பாலத்தின் மேலும் தப்பில்லை, கம்பெனியின் மேலும் தப்பில்லை. பலகையைப் பார்த்தும் ஏறிய ஓட்டுநரின் மேல்தான் தப்பு. இரண்டு வீடுகளும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். பலகையின் புகைப்படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. பாலத்தருகில் வெற்றிலைக் கடை வைத்திருந்தவர் முதல் நாள் "போர்டு வெள்ளையாத்தான் இருந்துச்சு" என்றார், நாலாம் நாள் "எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது" என்றார்.

சிறையில் பார்க்கப் போனபோது நடுவில் ஒரு கம்பி வலை இருந்தது. மாப்பிள்ளையின் தலையில் கட்டு. அவர் வலைக்கு ஒட்டி வந்து நின்றார்.

"மச்சான், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்கதானே துறையில போர்டு எழுதறவரு. அது வெள்ளையாத்தானே இருந்துச்சு? பனி இருந்துச்சு, சரி. ஆனா நான் போர்டைப் பார்த்தேன் மச்சான். படிக்கறதுக்கு வாயைத் திறந்தேன். படிக்க ஒண்ணுமே இல்ல. வெறும் வெள்ளை. இவங்க போட்டோவைக் காட்டறாங்க. எனக்குத் தலையில அடிபட்டதுல ஏதாவது குழம்பிடுச்சா? நீங்க சொன்னா நம்பறேன்."

இந்தக் கேள்விக்கு ஒரு பதில்தான் இருந்தது. வாசல் வரைக்கும் அதைத்தான் அவர் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். வலைக்கு இந்தப் பக்கம் ஒரு காவலர் நாற்காலியில் சாய்ந்து காது குடைந்துகொண்டிருந்தார். எஞ்சினியரின் காய்ந்த உதடு நினைவுக்கு வந்தது. கீழ்வீட்டு உதவித்தொகைக்கு இரண்டு தடவை விண்ணப்பித்தும் கிடைக்காத மகளின் பெயர் அந்த வாரம்தான் பட்டியலில் வந்திருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை, பெயர் மட்டும் வந்திருந்தது.

"போர்டு இருந்துச்சு, மாப்ள," என்றார் ரப்பர்.

பொய் சொல்லவில்லை பாருங்கள். பலகை இருந்தது. தகரமும் கம்பமும் இருக்கத்தானே செய்தன. வீடு திரும்பும் வழியெல்லாம் இந்தக் கணக்கைத்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார்.

வலைக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினார். "அப்போ நாந்தான் பார்க்கல. மூணு பொம்பளைங்க மச்சான்." நீதிமன்றத்தில் அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு வருஷம் கொடுத்தார்கள்.

தீர்ப்பு வந்த மாதம், மேல்வீட்டின் கலாசார மையத்தில் நூலகராக இருந்த ஒருவர், ரப்பர் பலகை எழுதும் துறைக் கொட்டகைக்கு வந்தார். கண்ணாடி போட்ட, மெல்லப் பேசுகிற மனிதர். ஸ்டூலில் உட்கார்ந்து, "பலகையில் என்ன நடந்தது என்று எங்களுக்கு ஓரளவு தெரியும். நீங்கள் வாயைத் திறந்தால் உங்கள் மாப்பிள்ளை வெளியே வருவார். உங்களைப் பத்திரமாக எங்கள் நாட்டுக்குக் கூட்டிப்போகிறோம்" என்றார். ரப்பர் அவருக்கு டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவைத்தார். "உண்மை அவங்க கைக்குப் போனா அது மேலயும் ஒரு சின்னத்தைக் குத்திடுவாங்க" என்று மனைவியிடம் பெரிய நியாயம்போலச் சொன்னார். நியாயம்தான், பேச்சுக்கு மறுப்பில்லை. ஆனால் பயந்துபோன ஆளின் வாயில் நியாயம் வரும்போது அது பயத்துக்குப் போட்ட சட்டைதான். மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே, "அப்போ நீங்களே உங்க தங்கச்சிகிட்ட சொல்லிடுங்களேன், அவகிட்ட எந்தச் சின்னமும் இல்லையே" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. ஆனாலும் தங்கையிடம் சொல்லவில்லை.

அதன் பிறகு அவர் எவர்சில்வர் டப்பாவில் சாப்பாடு கொண்டுபோவதை நிறுத்தினார். சூடான டப்பாவைக் கையில் வாங்கினால் வலது பாதம் கூசும். மனைவி ஆறவைத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். எட்டு எழுத வேண்டிய வேலை வந்தால் கை வலிக்கிறது என்று பக்கத்து மேசைக்காரரிடம் தள்ளினார். வெள்ளை டப்பாவைத் திறந்தால் உள்ளே யாரோ வாயைத் திறந்து படிக்கக் காத்திருப்பதுபோல் இருக்கும், சட்டென்று மூடிவிடுவார். சாலையில் மூன்று பெண்கள் சேர்ந்து நடந்து வந்தால் எதிர்ப்புறம் போய்விடுவார். காலை ஷிப்டு தொடங்கும் நேரத்தில் தையல் ஆலைத் தெருவில் எத்தனை மூன்று பெண்கள்! அந்தத் தெருவையே விட்டுவிட்டார், அலுவலகத்துக்கு அரை மைல் சுற்றிப் போனார்.

நாலு வருஷம் முடிந்து மாப்பிள்ளை வெளியே வந்தார். வாய் ஓயாத மனிதர் போன இடம் தெரியவில்லை. இனிமேல் வண்டியைத் தொடுவதில்லை என்று ஒரு மரக்கடையில் கணக்கெடுக்கும் வேலைக்குப் போனார். பலகைகளை மட்டும் இப்போதும் படிப்பார். முன்பு விளையாட்டாகப் படித்தவர் இப்போது நின்று, விரலால் காற்றில் கோடு போட்டு, இரண்டு தடவை படிப்பார். 'தள்ளவும்' என்று எழுதிய கதவைக்கூட இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் தள்ளுவார். பேருந்து எந்தப் பாலத்துக்கு முன்னால் வந்தாலும் இறங்கி நடந்து அந்தப் பக்கம் போய்ச் சேருவார். மாதத்தின் முதல் ஞாயிறு, இறந்துபோன மூன்று பெண்களில் ஒருத்தியின் தாயார் வீட்டுக்குப் போய், வாசற்படியில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். அந்த அம்மாள் ஆரம்பத்தில் கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு ஒரு நாள் தண்ணீர் கொடுத்தாளாம்.

அதற்கடுத்த வருஷம் மறுபடி ஆட்சி மாறியது. பச்சை போய் நீலம் வந்தது. ரப்பர் வெள்ளை டப்பாவைத் தூக்கினார். பழைய பாலத்துப் பலகை நீதிமன்றக் கிடங்கிலிருந்து துறைக்குத் திரும்பி வந்து, பழைய தகரம் என்று அவர் கொட்டகையிலேயே வந்து விழுந்தது. இரண்டு நாள் கழித்து அதே நூலகர் வந்தார். "இப்போது பயப்பட ஒன்றுமில்லை. வழக்கைத் திரும்ப எடுக்கப்போகிறார்கள். நீங்கள் சொன்னால் போதும், உங்கள் மாப்பிள்ளை குற்றமற்றவர் என்று ஆகிவிடும்."

காற்று திரும்பினால் தைரியமும் திரும்பும். ரப்பருக்கு இது வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் முதலில் மாப்பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும், அதன் பிறகுதான் மற்றவர்களிடம் என்று முடிவு செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவரைக் கொட்டகைக்கு வரச் சொன்னார்.

மாப்பிள்ளை வந்ததும் கொட்டகைக் கதவில் எழுதியிருந்த 'புகை பிடிக்காதீர்' என்பதை இரண்டு தடவை படித்தார். உள்ளே சுவரில் சாய்த்து வைத்திருந்த பலகையைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

ரப்பர் சொன்னார். மந்திரி வந்ததிலிருந்து புழுதி தேய்த்தது வரை எதையும் விடாமல் சொன்னார். சொல்லிவிட்டுச் சுரண்டும் தகட்டை எடுத்து, எட்டின் கீழ் வட்டத்தின் மேல் வைத்து இழுத்தார். நீலம் சுருண்டு விழுந்தது. அடியில் வெள்ளை. இன்னும் இழுத்தார். அதன் அடியில் பழைய நீலம்.

"பாருங்க மாப்ள. இதோ வெள்ளை. நீங்க பார்த்தது இதைத்தான். நீங்க சரியாத்தான் பார்த்தீங்க. நான்தான்... நான்தான் மாப்ள." அவர் அழுதார். இத்தனை வருஷமாக அழாததையும் சேர்த்து அழுதார்.

மாப்பிள்ளை குனிந்து, சுரண்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"மேல்வீட்டுக்காரங்க வந்தாங்களா மச்சான்?"

"வந்தாங்க. ஆனா அவங்க சொல்லி நான் சொல்லல."

"வந்துட்டாங்க இல்ல." அவர் குரலில் கோபமே இல்லை. "என்னையும் வந்து பார்த்தாங்க. இப்படித்தான் சொல்லச் சொன்னாங்க. வெள்ளையா இருந்துச்சுன்னு சொல்லுங்க, உங்களைக் காப்பாத்தறோம்னாங்க. போன ஆட்சியில இருந்துச்சுன்னு சொல்லச் சொன்னாங்க, இந்த ஆட்சியில இல்லேன்னு சொல்லச் சொல்றாங்க. நான் மாட்டேன்னுட்டேன். பாவம், உங்களையும் பிடிச்சுட்டாங்க."

"மாப்ள, இந்த வெள்ளையைப் பாருங்க..."

"இதுல பத்து தடவை அடிச்சிருப்பீங்க. எது எப்ப அடிச்சதுன்னு யாருக்குத் தெரியும்? அன்னிக்கு வலைக்கு அந்தப் பக்கம் நின்னு நீங்க சொன்னீங்க, போர்டு இருந்துச்சு மாப்ளன்னு. அப்ப உங்களுக்குப் பின்னால எந்த வீடும் இல்ல. என் மேல இருக்கற பாசத்துல, கஷ்டமா இருந்தாலும் உண்மையைச் சொன்னீங்க. அதை வச்சுத்தான் மச்சான் நான் உள்ளே நாலு வருஷம் யோசிச்சேன். யோசிக்க யோசிக்க எல்லாம் ஞாபகம் வந்துடுச்சு. பனி, போர்டு, அந்த எட்டு. நான் வாயைத் திறந்து படிச்சேன். எட்டுன்னு படிச்சேன். படிச்சிட்டும் ஏத்தினேன். அந்த அம்மாகிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன். அதுக்கப்புறம்தான் அவங்க எனக்குத் தண்ணி கொடுத்தாங்க."

மாப்பிள்ளை சுரண்டிய இடத்தைக் காட்டினார்.

"இதைச் சரி பண்ணிடுங்க மச்சான். அரைகுறையா இருந்தா எனக்கு என்னமோ பண்ணுது. இப்பவே எழுதிடுங்க, நான் இருக்கேன்."

வேறு என்ன செய்வார்? நீல டப்பாவைத் திறந்தார். சுரண்டிய இடத்தைச் சமன் செய்து, பழைய எட்டின் மேல் நீலம் பூசினார். காயும் வரை இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு வெள்ளையில் தூரிகையைத் தோய்த்து, ஐந்து வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு எட்டு எழுதினார். கீழிருந்து, ஒரே இழுப்பில். கை ஆடவில்லை. இரண்டு வட்டமும் நூல் பிடித்ததுபோல் நேராக நின்றன.

மாப்பிள்ளை இரண்டடி பின்னால் போய் நின்று, விரலால் காற்றில் கோடு போட்டு, இரண்டு தடவை படித்தார். தலையை ஆட்டினார்.

"இல்ல மச்சான், இது இல்ல. அன்னிக்கு நான் பார்த்ததுல மேல் வட்டம் கொஞ்சம் இடது பக்கமாச் சாய்ஞ்சிருக்கும்."

ரப்பர் அவரைப் பார்த்தார். பிறகு துணியை எடுத்து, ஈரமாக இருந்த எட்டைத் துடைத்துவிட்டு, தூரிகையை மறுபடி தோய்த்தார்.